சாட்சிக் கூண்டில் மருத்துவர்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் படிப்பார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. பாண்டியன் நெடுஞ்செழியன் இயல்பிலே கொடியவன் அல்லன். ஆயினும் குற்றமற்ற கோவலன் அவன் ஆணையால் வெட்டுண்டு மாண்டான். அரசன் யார் சொல்லை நம்பி அவ்வாணையை இட்டான்? அரண்மனைப் பொற்கொல்லன் சொல்லை நம்பி இட்டான். அணிகலன்களின் தரமும் வேலைப்பாடும் நன்கறிந்தவன் அவன். ஒரு சிலம்பைப் பற்றிக் கருத்துரைக்க அவனினும் தக்கவர் அந்நகரில் அரியர். அவன் தொழிலறிவில் குறை ஏதுமில்லை. குறை வேறோரிடத்தில் இருந்தது. அரசியின் சிலம்பைக் களவாடியவன் அவனே. வழக்கின் முடிவில் அவனுக்குப் பங்கு இருந்தது; அந்தப் பங்கை அரசன் ஆராயவில்லை.

துறையறிவு ஒன்று, நடுவுநிலைமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் வேண்டும் என்பதை உலகத்து நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகள் இடர்ப்பட்டே கற்றுக்கொண்டன. அவ்வாறு கற்றதில் பெரும்பகுதி மருத்துவரைப் பற்றியது. இறந்தவர் நஞ்சால் இறந்தாரா, நோயால் இறந்தாரா? உடலில் உள்ள காயம் பிறர் செய்ததா, தாமே வீழ்ந்து பட்டதா? கால் இழந்தவர் இனி எத்தொழிலைச் செய்ய வல்லவர்? நீதிபதி எத்துணைக் கற்றவராயினும் இவற்றுக்குத் தாமே விடை காண இயலாது. மருத்துவரை அழைத்தே தீர வேண்டும். அவரை அழைப்பவர் யார்? அவர் உழைப்புக்குப் பொருள் கொடுப்பவர் யார்? பொருள் கொடுத்தவர் பக்கமே அவர் சொல் சாய்ந்துவிடாதா? இவ்வினாக்களின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம்.

வழக்கறிஞர்க்கும் மருத்துவர்க்கும் மட்டுமே உரிய செய்தி இது என்று சங்கத்து அன்பர்கள் கருதலாகாது. பிறந்த ஊரில் வாழ்வார்க்கு ஊரே சாட்சி. இவர் இன்னார் மகன், நேற்று வரை நலமாக உழைத்தவர் என்று சொல்ல அங்கே பத்துப் பேர் திரள்வர். லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் பிற பகுதிகளிலும் கொல்கத்தாவிலே குடியமர்ந்து வாழும் நமக்கு அத்துணை குறைவு. விபத்தொன்று நேர்ந்தாலும், இன்ஷூரன்ஸ் தொகை மறுக்கப்பட்டாலும், சிகிச்சையில் தவறு நிகழ்ந்ததோ என்ற ஐயம் எழுந்தாலும் நம் பக்கம் நிற்பவை சில தாள்களும் ஒரு மருத்துவரின் சொல்லுமே ஆகும். அச்சொல்லின் வலிமை எது, வரம்பு எது என்று அறிந்திருத்தல் நமக்கு மிகவும் இன்றியமையாதது.

முற்கால நிலை

மருத்துவர் சொல் எத்துணை வலிமை உடையதோ அத்துணைத் தீங்கும் செய்ய வல்லது என்பதற்கு 1662-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு சான்று பகரும். லோஸ்டாப்ட் என்னும் ஊரைச் சேர்ந்த பெண்கள் இருவர் சூனியம் வைத்துச் சிறுவர்களை நோயில் வீழ்த்தினர் என்று குற்றம் சாட்டப்பட்டனர். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில் விசாரணை நடந்தது. நீதிபதி மாத்யூ ஹேல் சட்ட வரலாற்றில் பெரும்புகழ் பெற்றவர். அவைக்கண் கருத்துரைத்த மருத்துவர் தாமஸ் பிரவுனோ ஐரோப்பா முழுவதும் படிக்கப்பெற்ற நூலாசிரியர். சிறுவர்களுக்கு வந்த வலிப்பு இயற்கை நோயே ஆயினும் அதனைச் சூனியம் மிகுவித்தது என்று அவர் கூறினார். டென்மார்க்கிலும் இத்தகைய செயல்கள் வெளிப்பட்டன என்றும் எடுத்துக் காட்டினார். பெண்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர் எவரிடமும் பொருள் பெற்றுப் பொய் சொன்னவர் அல்லர். தம் துறைக்கு வெளியே உள்ள ஒன்றைத் தம் துறையின் பெருமையால் உறுதிப்படுத்தினார். சாட்சிக் கூண்டில் ஏறும் மருத்துவர்க்கு நேரக்கூடிய முதல் வழுக்கல் இதுவே.

அக்காலத்தில் துறை வல்லாரை அழைப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தின் உரிமையாக இருந்தது. வழக்காடுவோர் தாமே ஒரு வல்லுநரைத் தேடிக் கொணர்ந்து, அவர் கண்ணாற் கண்டவற்றை மட்டுமன்றிக் கருத்தையும் சான்றாக வைக்கலாம் என்ற நிலை 1782-ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. வெல்ஸ் என்னும் துறைமுகம் மணல் தூர்ந்து போனதன் காரணம் பற்றி எழுந்த வழக்கு அது. பொறியியலறிஞர் ஜான் ஸ்மீட்டன் கூறிய கருத்தை ஏற்கலாம் என்று மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தார். பொறியாளருக்குத் திறந்த அக்கதவின் வழியே மருத்துவரும் இரசாயன அறிஞரும் நுழைந்தனர். அன்று தொட்டு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு மருத்துவரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது.

பிரான்ஸ் நாடு வேறு வழியிற் சென்றது. அங்கே வல்லுநரை நீதிமன்றமே அமர்த்தும். 1840-இல் மேரி லபார்ஜ் என்னும் பெண் தன் கணவனுக்குப் பாஷாணம் இட்டுக் கொன்றாள் என்ற வழக்கில் உள்ளூர் வல்லுநர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டனர். பாரிஸிலிருந்து ஓர்பிலா என்னும் பேரறிஞர் வரவழைக்கப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் மார்ஷ் என்பார் கண்டறிந்த சோதனையைக் கையாண்டு, உடலில் பாஷாணம் உண்டு என்று அவர் காட்டினார். நீதிமன்றம் அமர்த்தியவரிடையேயும் கருத்து மாறுபாடு வரும் என்பதற்கு இவ்வழக்கே எடுத்துக்காட்டு. ஆகவே பொருள் கொடுப்பவரை மாற்றிவிட்டால் இடர் முழுதும் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது.

இங்கிலாந்தில் இரு வழக்குகள்

1856-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் பாமர் வழக்கு நடந்தது. பாமர் தாமே மருத்துவர்; குதிரைப் பந்தயத்தில் கடன்பட்டவர். நண்பர் ஜான் குக்குக்கு ஸ்டிரிக்னின் என்னும் எட்டிக்கொட்டை நஞ்சு கொடுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. இறந்தவர் உடலைச் சோதித்தவர் ஆல்பிரட் டெய்லர். நஞ்சியலில் அந்நாட்டின் தலைசிறந்த ஆசிரியர். அவர் அந்நஞ்சைக் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் உடல் வில்லென வளைந்து விறைத்த குறிகளை நோக்கின் ஸ்டிரிக்னினே காரணம் என்று கூறினார். எதிர்த்தரப்பு அமர்த்திய அறிஞர்களோ, நஞ்சு உண்மையில் இருந்திருப்பின் சோதனையில் அகப்பட்டே இருக்கும் என்றனர். அவர்களுள் ஒருவர் பிரிஸ்டல் நகரத்து ஹெராபாத். குறுக்கு விசாரணையில் அவர் நிலை தடுமாறியது. நஞ்சு இருந்தது, டெய்லர் அதனைக் கண்டறியத் தவறினார் என்பதே தம் எண்ணம் என்று அவர் முன்னரே வெளியில் சொல்லியிருந்தது அம்பலமாயிற்று. அறிவுடையோர் சாட்சியம் விற்கும் வாணிகத்தில் இறங்குவதை அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் காக்பர்ன் தம் முடிவுரையில் கடுமையாகச் சாடினார். பாமர் தூக்கிலிடப்பட்டார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1859-இல், அதே டெய்லர் தவறினார். ஸ்மெத்தர்ஸ்ட் என்னும் மருத்துவர் தம்முடன் வாழ்ந்த பெண்ணுக்கு நஞ்சூட்டினார் என்ற வழக்கில், ஒரு புட்டியிலிருந்த நீர்மத்தில் பாஷாணம் உண்டு என்று டெய்லர் முதலில் உறுதி கூறினார். பின்னர்ச் சோதித்தபோது அப்பாஷாணம் புட்டியினுடையது அன்று, தாம் சோதனைக்குப் பயன்படுத்திய செப்புக் கம்பி வலையில் கலந்திருந்தது என்று அறிந்தார். அறிந்ததை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. மன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். அதன் பின்னரும் நடுவர்கள் ஸ்மெத்தர்ஸ்டைக் குற்றவாளி என்றே கூறினர். உள்நாட்டு அமைச்சர் வழக்கு ஏடுகளைச் சர் பெஞ்சமின் பிராடி என்னும் அறுவை மருத்துவரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டார். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்ற நிலையில் கொலைத் தண்டனை நீக்கப்பட்டது.

இவ்விரு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துக் காணல் வேண்டும். ஹெராபாத்தின் அறிவு சிறியதன்று. கூண்டில் ஏறியவுடன் அவர் தம் எண்ணத்தின் ஒரு பாதியை மட்டும் பேசினார். டெய்லரின் பிழை சிறியதன்று. ஆனால் தம் பிழை தம்மை அழைத்த தரப்புக்குக் கேடாகும் என்று தெரிந்தும் அதனை உரைத்தார். ஓர் உயிர் தப்பியது.

நம் நாட்டில்

நம் நாட்டிலே இவ்வரலாறு சென்னைக் கோட்டையில் தொடங்குகிறது என்பது தமிழர்க்கு ஆர்வம் ஊட்டுவதாகும். 1693-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆட்சிக் குழுவினருள் ஒருவரான ஜேம்ஸ் வீலர் மருந்து உண்டபின் இறந்தார். மருந்து கொடுத்தவர் சாமுவேல் பிரவுன் என்னும் கம்பெனி மருத்துவர். பாஷாணம் இடித்த உரலைக் கழுவாமல் அதிலேயே வீலருக்குரிய மருந்தும் இடிக்கப்பட்டதே காரணம் என்று கருதப்பட்டது. பிரவுன் தாமே ஆளுநருக்கு எழுதித் தம்மால் நேர்ந்த சாவை ஒப்புக்கொண்டார். எட்வர்டு பல்க்லி என்னும் மற்றொரு மருத்துவர் இறந்தவர் உடலைச் சோதித்தார். இந்தியாவில் ஏட்டில் பதிவான முதல் சட்டமுறைப் பிணச்சோதனை அதுவே என்பர். பிரவுன் பின்னர் வழக்கினின்றும் விடுபட்டார். ஒரு மருத்துவரின் செயலை மற்றொரு மருத்துவர் அவைக்காக ஆராய்வது என்னும் முறை நம் மண்ணில் அவ்வாறு தொடங்கிற்று.

நஞ்சைச் சோதிக்கும் அரசாங்க இரசாயனச் சோதனைக் கூடமும் இந்தியாவில் முதன்முதல் 1849-இல் சென்னையிலேதான் நிறுவப்பெற்றது. கல்கத்தாவில் பணியாற்றிய நார்மன் செவர்ஸ் 1856-இல் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் உரிய சட்ட மருத்துவக் கையேட்டை வெளியிட்டார். ஊமத்தை, பாஷாணம் முதலிய நஞ்சுகளும், இந்நாட்டின் வெப்பத்தில் பிணம் விரைந்து அழுகுதலும், இங்குள்ளார் வாழ்க்கை முறைகளும் ஐரோப்பிய நூல்களால் விளங்கா என்பதே அவர் முயற்சிக்குக் காரணம். 1920-இல் ஜெய்சிங் மோதி எழுதிய பெருநூல் பின்வந்த பல தலைமுறை மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் கைவிளக்காயிற்று.

1872-இல் இந்தியச் சாட்சியச் சட்டம் பிறந்தது. அதனை வகுத்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். பாமர் வழக்கையும் ஸ்மெத்தர்ஸ்ட் வழக்கையும் தம் 1863-ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்தவர் அவர். சட்டத்தின் 45-ஆம் பிரிவு, அறிவியல் முதலிய துறைகளில் தனித்தேர்ச்சி பெற்றோரின் கருத்தைச் சான்றாக ஏற்கலாம் என்றது. அதற்குக் காட்டப்பட்ட முதல் எடுத்துக்காட்டே நஞ்சு பற்றியது: ஒருவர் நஞ்சால் இறந்தாரா என்பது வினாவாயின், அந்நஞ்சு விளைக்கும் குறிகளைப் பற்றி வல்லுநர் கருத்துக் கூறலாம். 51-ஆம் பிரிவு மேலும் ஒரு படி சென்றது. கருத்து மட்டுமன்றி, அக்கருத்துக்கு அடிப்படையான காரணங்களும் ஆராய்தற்குரியன என்றது. மருத்துவர் முடிவை மட்டும் சொல்லி இறங்கிவிட இயலாது; எவ்வாறு அம்முடிவுக்கு வந்தார் என்பதையும் அவை முன் விரித்தல் வேண்டும்.

பொருள் கொடுப்பது பற்றியும் சட்டம் நாணமின்றிப் பேசியது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் கட்டளை, சாட்சியின் வழிச்செலவை அழைப்பவர் முன்னதாகக் கட்ட வேண்டும் என்கிறது. சாட்சி வல்லுநராயின், சாட்சியம் கூறச் செலவிடும் நேரத்துக்கும் அதன்பொருட்டு மேற்கொள்ளும் துறைப்பணிக்கும் தக்க ஊதியத்தை நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. இதன் நுட்பம் கருதத்தக்கது. ஊதியம் நேரத்துக்கும் உழைப்புக்கும் உரியது; கருத்துக்கு விலை என எதுவும் அதில் குறிக்கப்படவில்லை.

பவால் வழக்கு

இருதரப்பு மருத்துவர்களின் சொற்களை ஒரு நீதிபதி எவ்வாறு எடை போட்டார் என்பதற்கு வங்காளத்துப் பவால் வழக்கினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1975-இல் உத்தம் குமார் நடித்து வெளிவந்த 'சந்நியாசி ராஜா' படத்தின் வாயிலாக இக்கதையை நம்முள் பலர் அறிந்திருப்பர். திரைப்படம் காட்டாத மருத்துவப் பகுதியே நமக்கு வேண்டுவது.

டாக்காவை அடுத்த ஜெயதேவபுரத்தைத் தலையூராகக் கொண்டது பவால் ஜமீன். இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. அதன் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909-ஆம் ஆண்டு ஏப்ரலில் மனைவியுடனும் மைத்துனருடனும் குடும்ப மருத்துவருடனும் தார்ஜிலிங் சென்றார். மே மாதத் தொடக்கத்தில் நோயுற்றார். மே 8-ஆம் நாள் இறந்தார் என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டாக்காவில் நதிக்கரையிலே சாம்பல் பூசிய சந்நியாசி ஒருவர் தோன்றினார். 1921-இல் தாமே இரண்டாம் குமாரர் என்று அறிவித்தார். தமக்கு நஞ்சூட்டப்பட்டது, இறந்ததாக எண்ணிச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றனர், மழையில் உடலை விட்டு அனைவரும் ஓடினர், நாகா சாதுக்கள் தம்மைக் காப்பாற்றினர் என்பது அவர் தரப்பு. குடும்பத்தில் தமக்கையார் அவரை ஏற்றார்; மனைவியார் ஏற்கவில்லை. ஆங்கில ஆட்சியர் அவரை வஞ்சகர் என அறிவித்தார். 1930-இல் வழக்குத் தொடரப்பட்டது. 1933 இறுதியில் டாக்காவில் நீதிபதி பன்னாலால் பாசு முன்னிலையில் விசாரணை தொடங்கியது. இருதரப்பிலும் 1,500-க்கு மேற்பட்டோர் சாட்சியம் அளித்தனர்.

மருத்துவர்கள் இரு வினாக்களுக்காக அழைக்கப்பட்டனர். முதல் வினா, 1909-இல் குமாரருக்கு வந்த நோய் யாது என்பது. சிகிச்சை அளித்த தார்ஜிலிங் சிவில் சர்ஜன் கால்வர்ட் பித்த சூலையே நோய் என்று சான்றளித்திருந்தார். இன்ஷூரன்ஸ் தொகைக்காக அவர் தந்த சான்றும், குமாரரின் தமையனாருக்கு எழுதிய இரங்கற் கடிதமும் அவ்வாறே கூறின. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் சாட்சியம் இங்கிலாந்தில் கமிஷன் மூலம் பதிவு செய்யப்பட்டது. ஆனால் நோயின் போது தார்ஜிலிங்கிலிருந்து ஜெயதேவபுரத்துக்கு அனுப்பிய தந்திகள் எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று இரத்தத்துடன் கூடிய நீர்த்த கழிச்சலைக் குறித்தது. மருந்துச் சீட்டுகளும் மன்றத்துக்கு வந்தன. பித்த சூலையில் இத்தகைய கழிச்சல் உண்டாகுமா, பாஷாணத்தில் உண்டாகுமா என்று இருதரப்பும் அமர்த்திய மருத்துவர்கள் சொற்போர் புரிந்தனர். அக்காலத்தில் பாஷாணம் நுண்ணளவில் மருந்தாகவும் வழங்கியமையால் சிக்கல் மேலும் பெருகிற்று.

இரண்டாம் வினா, கூண்டில் நிற்கும் உடல் யாருடையது என்பது. குமாரருக்கு மேகநோய் இருந்தது என்பது தெரிந்த செய்தி. அதன் அடையாளங்கள் வாதியின் உடலில் உண்டா என்பதில் மருத்துவர்கள் மாறுபட்டனர். பாதத்தின் தோல் செதிள் போலத் தடித்திருத்தல் அக்குடும்பத்தின் கூறு என்று சொல்லப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக ஓர் ஏடு வந்தது. குமாரர் 1905-இல் ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றில் 30,000 ரூபாய்க்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்திருந்தார். அன்று அவரைச் சோதித்த மருத்துவர் அடையாளக் குறியாக இடக் கணுக்காலின் வெளிப்புறத்து வடுவைக் குறித்து வைத்திருந்தார். வாதியின் கணுக்காலிலும் வடு இருந்தது.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1905-இல் அவ்வேட்டை எழுதியவர்க்கு ஒரு வழக்கு வரும் என்று தெரியாது; சந்நியாசி வருவார் என்றும் தெரியாது. எத்தரப்பும் அவரை அமர்த்தவில்லை. தாம் கண்டதைக் கண்டவாறு குறித்தார், அவ்வளவே. கால் நூற்றாண்டு கழித்து, பெரும்பொருள் செலவிட்டு அமர்த்திய வல்லுநர்கள் மாறுபட்டு நின்ற இடத்தில், அவ்வொரு வரி வலிமையுடன் நின்றது.

1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் பன்னாலால் பாசு தீர்ப்புரைத்தார். மருத்துவர்கள் கண்ட செய்திகளை அவர் ஒரு புறம் வைத்தார். அவற்றிலிருந்து அவர்கள் கொண்ட முடிவுகளை மறுபுறம் வைத்தார். வடு உண்டு என்பது கண்டது. அது எதனால் வந்தது என்பது கொண்டது. இத்தனை அடையாளங்களும் ஒருங்கே மற்றொருவர் உடலில் அமைதல் இயலாது என்று முடிவு செய்து, வாதியே இரண்டாம் குமாரர் என்றார். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. 1940-இல் காஸ்டெல்லோ, பிஸ்வாஸ் ஆகிய நீதிபதிகள் அத்தீர்ப்பை ஏற்றனர். லாட்ஜ் என்னும் மூன்றாம் நீதிபதி மறுத்தார். அதே மருத்துவர்களின் அதே சொற்களைப் படித்த மூன்று கற்றறிந்த நீதிபதிகளுள் ஒருவர் வேறு முடிவு கண்டார். 1946-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் லண்டன் பிரிவி கவுன்சிலும் மேல்முறையீட்டைத் தள்ளியது. வென்ற வாதி சில நாட்களிலேயே இக்கொல்கத்தா நகரில் காலமானார்.

இன்றைய நிலை

விடுதலைக்குப் பின் நம் உச்ச நீதிமன்றம் இப்பொருளில் தெளிவான நெறி வகுத்துள்ளது. மருத்துவர் எப்போதும் மெய்யே பேசுவார் என்று முன்னதாக எண்ணிக்கொள்ளலாகாது, பிற சாட்சிகளின் சொல்லை ஆராய்வது போலவே அவர் சொல்லையும் ஆராய்தல் வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டு குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் அது கூறியது. மருத்துவர் மீது கவனக்குறைவுக் குற்றம் சாட்டிக் குற்ற வழக்குத் தொடருமுன், நடுநிலையான மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும், அவர் அரசுப் பணியில் உள்ளவராயின் நன்று என்று 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் அறிவுறுத்தியது. நுகர்வோர் மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு மருத்துவ வழக்கிலும் வல்லுநர் சான்று கட்டாயம் அன்று, தவறு வெளிப்படையாகத் தெரியுமிடத்து அஃதின்றியே முடிவு செய்யலாம் என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் விளக்கிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு இத்தீர்ப்பு பெருந்துணை. ஒரு மருத்துவருக்கு எதிராகச் சொல்ல மற்றொரு மருத்துவர் முன்வருதல் எளிதன்று.

2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் விலகி, பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறைக்கு வந்தது. பழைய 45-ஆம் பிரிவு அதில் 39-ஆம் பிரிவாயிற்று. வல்லுநர் துறைகளின் எல்லையும் விரிந்தது. ஆயினும் கருத்து கருத்தே, தீர்ப்பு நீதிபதியினுடையது என்னும் அடிப்படை மாறவில்லை.

அறிவியல் வளர்ந்துவிட்டமையால் பழைய இடர்கள் மறைந்தன என்று கொள்ளற்க. 1999-இல் இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் தாய், தம் இரு குழந்தைகளையும் கொன்றார் என்று தண்டிக்கப்பட்டார். ஒரு குடும்பத்தில் இரு குழந்தைகள் இயற்கையாக இவ்வாறு இறத்தல் 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்றே என்று புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் கூறினார். அவர் மருத்துவர்; கணக்கியலறிஞர் அல்லர். அக்கணக்கு பிழையானது. 2003-இல் தண்டனை நீக்கப்பட்டது. அதற்குள் அத்தாய் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். 1662-இல் தாமஸ் பிரவுன் வழுக்கிய அதே இடத்தில் 1999-இலும் ஒருவர் வழுக்கினார்.

நம் குடும்பங்களுக்குச் சில

நம்மவர் பெரும்பாலும் காணும் நீதிமன்றம் விபத்து இழப்பீட்டு மன்றமே. இதுபற்றி உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் கூறியது ஒவ்வொரு வீட்டிலும் அறியத்தக்கது. உடலின் ஊனம் வேறு, வருவாய் இழப்பு வேறு. ஒரு கை இழந்த தச்சரும் ஓட்டுநரும் தொழிலையே இழக்க நேரும். அதே கையை இழந்த எழுத்தர் தம் பணியில் தொடரக்கூடும். எந்த உறுப்புக்கு எத்துணை ஊனம் என்று சொல்வது மருத்துவர் கடன். வருவாய் எத்துணை குறைந்தது என்று முடிவு செய்வது மன்றத்தின் கடன். சிகிச்சையே அளிக்காத மருத்துவர்கள் கேட்டவுடன் எழுதித் தரும் ஊனச் சான்றிதழ்களை ஐயத்துடன் நோக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது. அதே தீர்ப்பு மருத்துவர்பாலும் பரிவு காட்டியது. அவர்களை நாள் முழுதும் காக்க வைத்தல் ஆகாது, குறித்த நேரத்தில் விசாரித்து அனுப்புதல் வேண்டும், தக்க செலவுத் தொகை தருதல் வேண்டும் என்றது.

எனவே நாம் செய்யத்தக்கவை சில உள. மருத்துவமனையில் சேர்ந்த நாள் முதல் சீட்டுகள், சோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், வெளியேறும்போது தரும் சுருக்கம் ஆகியவற்றை நாள்வரிசையில் பேணுதல் வேண்டும். வழக்கு எழுமுன் எழுதப்பட்ட ஏட்டின் வலிமையைப் பவால் வழக்கிற் கண்டோம். வங்காளியிலோ இந்தியிலோ மருத்துவர் வினவும்போது நோயாளியால் தெளிவாக விடை கூற இயலவில்லையெனின், மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. முதல் நாளில் தவறாக எழுதப்பட்ட ஒரு சொல் பல ஆண்டுகள் பின்தொடரும். சிகிச்சை அளித்த மருத்துவரையே சாட்சியாக அழைக்க முயலுதல் முதற்கடன். புதிதாக ஒரு வல்லுநரை அமர்த்த நேரின், அவர் துறை நம் வழக்கின் வினாவுக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். எலும்பு மருத்துவரிடம் இதயத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பயனில்லை.

அவரிடம் ஏடுகள் அனைத்தையும் ஒப்படைத்தல் வேண்டும். நமக்குப் பாதகமான தாளை மறைத்து வைத்தால், அது குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையிலிருந்து வெளிவரும். அதனைக் கண்டிராத நம் மருத்துவர் அவை நடுவே வாயடைத்து நிற்பார். ஊதியத்தை முன்னதாகவே பேசி முடித்து, எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். அதில் மறைக்க ஏதுமில்லை. வழக்கு வென்றால் இத்தனை பங்கு என்று மட்டும் பேசலாகாது. அவ்வாறு பேசிய மருத்துவர், மதுரைப் பொற்கொல்லனைப் போலவே, வழக்கின் முடிவில் பங்கு உடையவர் ஆகிவிடுகிறார்.

திருவள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரமும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். சாட்சிக் கூண்டில் ஏறும் மருத்துவர்க்கு இரண்டும் வேண்டும். நம் கட்சி தோற்கும் என்று தெரிந்தாலும் உள்ளதை உரைக்கும் மருத்துவர் ஒருவர் நம் வழக்கைப் படித்துவிட்டு, "இதில் நான் உங்களுக்காகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை" என்று கூறித் தாள்களைத் திருப்பித் தரக்கூடும். அப்போது சினவாமல் அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்து நன்றி கூறி வருதல் நம் கடமை. பல ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் துன்பத்தினின்றும் நம் குடும்பத்தைக் காத்தவர் அவரே ஆவார். அத்தகையோர் மற்றொரு நாள் நம் பொருட்டுக் கூண்டில் ஏறிச் சொல்லும் சொல்லே அவையில் நிற்கும்.